எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய எஞ்சின் பாகங்களை வீட்டிலேயே கழுவிப் பெயின்ட் அடிப்பது எப்படி

பழைய காரின் எஞ்சின் பாகங்களைக் கழற்றிக் கீழே வைத்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி, என்ன கலர் அடிக்கலாம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடித்த பெயின்ட் உரிந்து வந்தால் நாம் பெயின்ட் டப்பாவைத்தான் குறை சொல்வோம். ஆனால் பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் இருந்திருக்கும், பெயின்ட் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும், எஞ்சின் சில தடவை சூடாகி ஆறியதும் பட்டை பட்டையாகக் கழன்று விழும். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி கழுவுவது, சுரண்டுவது, காயவைப்பது பற்றித்தான். ஸ்ப்ரே அடிப்பது கடைசியில் வரும் சின்ன வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, அவசரப்படாமல் இருந்தால் யாரும் செய்யலாம்.

எதில் தொடங்குவது

முதல் தடவை என்றால் வால்வு கவரில் தொடங்குங்கள். எஞ்சினுக்கு மேலேயே இருக்கும், நாலைந்து போல்ட்டில் கழன்றுவிடும், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவதும் அதுதான். அதற்கு அடுத்து ஏர் ஃபில்டர் டப்பா, ஃபேன் புல்லி, பிராக்கெட்டுகள், டைமிங் கவர், ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்று போகலாம். எஞ்சின் பிளாக்கை வண்டியிலிருந்து வெளியே எடுத்திருந்தால்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். வண்டிக்குள்ளேயே வைத்து எட்டின இடத்தில் மட்டும் அடித்தால் பாதி அழுக்கின் மேல்தான் அடிப்பீர்கள்.

தொடவே வேண்டாம் என்று நான் சொல்வது கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வாட்டர் பம்ப் போன்றவற்றை. கார்புரேட்டருக்குள் ரப்பரும் மெல்லிய துளைகளும் இருக்கின்றன. ஆல்டர்னேட்டரிலும் வாட்டர் பம்பிலும் சீல் செய்த பேரிங் இருக்கிறது, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து வெளியே வந்துவிடும், அப்புறம் பேரிங் கத்த ஆரம்பிக்கும். கிராங்க் புல்லியிலும் கவனம் தேவை. பல எஞ்சின்களில் அது ஒரே இரும்புத் துண்டு இல்லை, நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்த ரப்பர் மண்ணெண்ணெயில் உப்பினால் புல்லியே போச்சு. துணியால் துடைத்தால் போதும்.

கழுவுவதற்கு முன்னால் அழுக்கைப் பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். எஞ்சின் மேல் இருக்கும் அழுக்கு எங்கே என்ன ஒழுகுகிறது என்று காட்டிக்கொடுக்கும், கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். நல்ல டார்ச் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். தூசியோடு சேர்ந்து கட்டியாகிக் காய்ந்துபோன கறுப்பு, பழைய ஒழுகல். அதன் நடுவே ஈரமாக, பளபளப்பாக, தேன் நிறத்தில் ஒரு கோடு இறங்கினால் அது இப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் ஆயில். அந்தக் கோட்டின் மேல்முனை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் குறை. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஒழுகியிருந்தால் வெள்ளையாகவோ பச்சை அல்லது சிவப்புச் சாயலோடோ உப்புப் பூத்திருக்கும். பெட்ரோல் கசிந்திருந்தால் அந்த இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுத்து, ஓரத்தில் பழுப்புக் கறை இருக்கும்.

எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒழுகலைச் சரி செய்யாமல் பெயின்ட் அடிப்பதில் பயனே இல்லை, சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கழற்றும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஹோஸ்களும் வயர்களும் எந்த வழியாகப் போகின்றன என்பதை. போல்ட்டுகளைப் பாகத்துக்கு ஒரு பை என்று போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். டைமிங் கவரில் போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்தால் திரும்பப் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் மரை போகும், சில இடங்களில் உள்ளே இருக்கும் வார்ப்பே உடையும்.

காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும்

எந்த உலோகம் என்று தெரியாமல் எந்தத் திரவத்திலும் போடாதீர்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. அதில் மேற்பரப்பு சொரசொரப்பாக, தடிமனாக இருந்தால் வார்ப்பிரும்பு, மெல்லிய தகடாக இருந்தால் ஸ்டீல். ஒட்டாமல், எடை குறைவாக, வெள்ளியாக இருந்தால் அநேகமாக அலுமினியம். சில எஞ்சின்களில் மெக்னீசியம் கலந்த பாகங்களும் உண்டு, அவற்றைத் தேய்த்து வரும் தூள் எளிதில் தீப்பிடிக்கும், அதனால் சந்தேகம் இருந்தால் கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரும்புக்கு நல்லது செய்யும் காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். போட்டதும் நுரைத்துப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு வரும், எடுத்துப் பார்த்தால் பாகம் கறுத்துக் குழிகுழியாகியிருக்கும். அடுப்புச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்கள் பலவற்றிலும் இதே காஸ்டிக்தான் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் அலுமினியத்துக்கு ஆகாது.

இடமும் பாதுகாப்பும்

காற்றோட்டமான இடம், முடிந்தால் வெளியே, நிழலில். பெட்ரோலில் கழுவுவதைப் பலர் செய்வார்கள், நன்றாகக் கரைக்கவும் செய்யும், ஆனால் வேண்டவே வேண்டாம். பெட்ரோலின் ஆவி கிட்டத்தட்ட மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடியது. அதாவது எந்த ஊர் வெயிலிலும், எந்தக் குளிரிலும் அது தயாராகவே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்த் தூரத்தில் இருக்கும் ஒரு சுவிட்சின் பொறியில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பற்ற ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். டீசலுக்கு இன்னும் அதிகம். அதனால் மண்ணெண்ணெயோ டீசலோ எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் வெயிலில் வைத்துச் சூடேற விடாதீர்கள், பக்கத்தில் நெருப்பு, பீடி சிகரெட் எதுவும் கூடாது.

கைக்கு நைட்ரில் கிளவுஸ். சாதாரண மெல்லிய ரப்பர் கிளவுஸ் எண்ணெயில் பிசுபிசுத்துக் கிழிந்துவிடும். கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி. டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கும்போது கம்பிகள் முறிந்து ஊசியாகப் பறக்கும், அவை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மூக்குக்குத் துணி மாஸ்க் பெரிய தூசியை ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஸ்ப்ரே அடிக்கும்போது கரிமக் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும்.

இன்னொன்று. பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்ந்த வகை ஒன்று உண்டு, எளிதில் எரியாது என்று போட்டிருக்கும். அதை அடித்த பாகத்தை வெல்டிங் செய்தாலோ நன்றாகச் சூடாக்கினாலோ பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். வீட்டு வேலைக்குக் குளோரின் இல்லாத வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுரண்டு, ஊறவை, கழுவு, திரும்பவும் கழுவு

முதலில் எந்தத் திரவமும் வேண்டாம். கட்டியாக இருக்கும் பிசுக்கைப் பட்டி பிளேடாலும் பழைய ஸ்க்ரூடிரைவராலும் ஒரு பழைய செய்தித்தாள் மேல் சுரண்டித் தள்ளுங்கள். கையால் எடுக்கக்கூடியதை மண்ணெண்ணெயில் கரைத்தால் மண்ணெண்ணெய் சீக்கிரம் சேறாகிவிடும், அப்புறம் அந்தச் சேற்றிலேயே மற்றதைக் கழுவ வேண்டிவரும். அலுமினியத்தில் ஸ்டீல் பிளேடு கோடு போடும், அதற்கு மரக்குச்சியோ கெட்டியான பிளாஸ்டிக் துண்டோ போதும்.

அடுத்து ஒரு டிரேயில் பாகம் முழுகும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். அரைமணி நேரத்தில் ஓரளவு இளகும், கெட்டியாகிப் போன பழைய ஆயிலுக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். இடையில் பிரஷால் தேய்த்துக் கொடுங்கள். இரும்புக்குக் கம்பி பிரஷ், அலுமினியத்துக்குப் பித்தளை பிரஷ் அல்லது நைலான் பிரஷ். அலுமினியத்தில் ஸ்டீல் கம்பியால் தேய்த்தால் இரும்புத் துகள் அதில் பதிந்து பின்னால் துருப்புள்ளியாக வெளியே வரும். மூலை முடுக்குக்குப் பழைய டூத் பிரஷ், துளைகளுக்குப் பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்.

மண்ணெண்ணெயிலிருந்து எடுத்ததும் பாகம் பளிச்சென்று இருக்கும். பல பேர் இங்கேயே நிறுத்திவிட்டுப் பெயின்ட்டுக்குப் போகிறார்கள், கெடுவதும் இங்கேதான். மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதை எடுக்கச் சோப்பு வேண்டும். நல்ல சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தையோ, தண்ணீரில் கலக்கும் டிகிரீசரையோ (கிரீஸை நீக்கும் திரவம்) கலந்து இன்னொரு தடவை முழுக்கத் தேய்த்துக் கழுவுங்கள். டிகிரீசர் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் கலக்க வேண்டாம், பாகத்தின் மேல் காயவும் விடக்கூடாது. காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, வழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி, சாதாரணத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பதுதான். சுத்தமான உலோகத்தில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழியும். எங்கேயாவது முத்து முத்தாகத் திரண்டு நின்றாலோ, ஒரு இடத்தைச் சுற்றி விலகிப் போனாலோ அங்கே எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி சோப்புப் போடுங்கள். கண்ணை நம்பாமல் இந்தச் சோதனையை நம்புங்கள், இது பொய் சொல்லாது.

வார்ப்பிரும்பில் கொஞ்சம் கூடுதல் வேலை. அதன் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் நிறைய, பல வருட ஆயில் அவற்றில் இறங்கியிருக்கும். கழுவிக் காயவைத்த பிறகு ஹீட் கன்னாலோ ஹேர் டிரையராலோ கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கிப் பாருங்கள், காய்ந்து சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் வியர்த்த மாதிரி கறுப்பாக ஈரம் பூக்கும். அதைத் துடைத்து, ஆறவிட்டு, சோப்பு வைத்துக் கழுவி, மறுபடி சூடாக்க வேண்டும். ஈரம் பூப்பது நிற்கும்வரை. மண்ணெண்ணெயோ தின்னரோ பக்கத்தில் இருக்கும்போது ஹீட் கன்னைக் கையில் எடுக்காதீர்கள்.

தண்ணீர் பட்ட இரும்பு கண்முன்னாலேயே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அலசியதும் துணியால் துடைத்து, காற்றடித்து, ஹேர் டிரையர் காட்டி உடனே காயவையுங்கள். சூடான தண்ணீரில் அலசினால் பாகமே சூடாகித் தானாகச் சீக்கிரம் உலரும், அதனால்தான் கடைசி அலசல் வெந்நீரில் இருக்க வேண்டும் என்கிறேன். டபிள்யூடி-40 அடித்தால் துருப்பிடிக்காதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அதுவும் எண்ணெய்தான், அடித்தால் சோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். உடனே பெயின்ட் அடிக்காமல் எடுத்து வைக்கப் போகும் பாகத்துக்கு மட்டும் அது சரி.

பழைய பேக்கிங்

கேஸ்கெட்டை, அதாவது இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒழுகாமல் இருக்க வைக்கும், நாம் பேக்கிங் என்று சொல்வதை, எடுப்பதில் இரண்டு எச்சரிக்கை. பழைய கார்களின் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தூளாக்கிவிட்டால் அது நுரையீரலுக்குப் போகும். தண்ணீரோ பேக்கிங் ரிமூவரோ போட்டு நனைத்து, பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்து ஈரமாகவே சுரண்டுங்கள், சுரண்டியதை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, டிரில்லில் மாட்டும் சொரசொரப்பான நார் டிஸ்க்குகளால் பேக்கிங் முகத்தைத் தேய்க்க வேண்டாம். சீக்கிரம் பளபளக்கும், ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எஞ்சினுக்குள் போனால் ஆயிலோடு சுற்றி பேரிங்கைத் தின்றுவிடும். அதோடு முகமும் அலை அலையாகத் தேய்ந்து, புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும். கையால் சுரண்டினால் நேரம் ஆகும், ஆகட்டும்.

தகட்டு வால்வு கவரிலும் சம்பிலும் இன்னொன்று பாருங்கள். யாரோ முன்னால் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், துளையைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை விளிம்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியும். தட்டையான மரக்கட்டையின் மேல் வைத்து, குழிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். அந்தக் கவர் ஏன் எத்தனை பேக்கிங் மாற்றியும் ஒழுகிக்கொண்டே இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் பதில். பெயின்ட்டுக்கு முன்னால்தான் இதைச் செய்ய முடியும்.

துருவும் பழைய பெயின்ட்டும்

மேலாகப் படிந்த துருவுக்குக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். ஆழமாக இறங்கியிருந்தால் வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள், கடைகளில் கிடைப்பது சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம்தான், மெதுவாக வேலை செய்யும். சிட்ரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்தும் செய்யலாம். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தைப் போக்கி, அலசி, உடனே காயவைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் போகாதீர்கள், அதன் புகை அந்த அறையில் இருக்கும் மற்ற கருவிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்பிரிங்குகளையும் அதிக வலுவுள்ள போல்ட்டுகளையும் எந்த அமிலத்திலும் போட வேண்டாம், ஹைட்ரஜன் இறங்கி அவை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் நல்ல பொருள். துருவைக் கறுப்பான இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும், குழிகளுக்குள் பிரஷ் எட்டாத துருவுக்கு அதுதான் வழி.

பழைய பெயின்ட் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பிளேடால் கீறிப் பார்த்து உரியவில்லை என்றால் அது நன்றாகப் பிடித்திருக்கிறது, 240 நம்பர் வாட்டர் பேப்பரால் அதன் மினுமினுப்பை மட்டும் எடுத்துவிட்டு மேலே அடிக்கலாம். உரியும் இடத்தை எடுத்துவிட்டு ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். ரொம்பப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் போட்டே தேய்ப்பது நல்லது.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பிராக்கெட், புல்லி போன்ற திறந்த பாகங்களுக்குச் சரி. ஆயில் போகும் உள்துளைகள் இருக்கும் எதற்கும், உள்ளே தடுப்புத் தகடு வைத்து மூடிய வால்வு கவருக்கும், கூடவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் ஒரு பிடி மணல் உள்ளே மறைந்திருக்கும், எஞ்சின் ஓடும்போதுதான் வெளியே வரும். சாதாரண மணலின் சிலிக்கா தூசி நுரையீரலுக்கும் கேடு.

மறைக்க வேண்டியதை மறைப்பது

பெயின்ட் படக்கூடாத இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பேக்கிங் உட்காரும் முகங்கள், மரைகள், ஆயில் சீல் உட்காரும் வட்டம், பெல்ட் ஓடும் புல்லியின் பள்ளம், வால்வு கவர், சம்ப் ஆகியவற்றின் உட்புறம். உள்ளே அடித்த பெயின்ட் சூடான ஆயிலில் உரிந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். அது எஞ்சினுக்கே ஆபத்து.

போல்ட் தலை உட்காரும் வட்டத்தையும் மறைத்துவிடுங்கள். தலைக்கு அடியில் தடிமனான பெயின்ட் இருந்தால் நாளாக ஆக அது நசுங்கும், போல்ட்டின் இறுக்கம் குறையும். எர்த் வயர் மாட்டும் இடம் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்சும் டெம்பரேச்சர் சென்சாரும் ஒற்றை வயர் கொண்டவை என்றால் அவை தம் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன, அந்தத் துளையில் பெயின்ட் போனால் மீட்டர் வேலை செய்யாது. எஞ்சின் நம்பர் குத்திய இடத்தைத் தேய்க்கவோ பட்டி போடவோ கூடாது, வண்டியின் அடையாளமே அதுதான். புல்லியில் இருக்கும் டைமிங் கோட்டை அடிப்பதற்கு முன் படம் எடுத்துவிட்டு, அடித்த பிறகு மெல்லிய பிரஷால் வெள்ளையில் எடுத்துக்காட்டினால் பின்னால் உதவும்.

மாஸ்கிங் டேப்பை அச்சாக வெட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. இரும்புப் பாகமானால், முகத்தின் மேல் டேப்பைக் கொஞ்சம் வெளியே நீட்டி ஒட்டி, சின்னச் சுத்தியலால் விளிம்பை ஒட்டியே லேசாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். விளிம்பே கத்தியாகி டேப் அச்சுப் பிசகாமல் வெட்டுப்படும். அலுமினியத்தில் தட்டினால் தழும்பு விழும், அங்கே பிளேடு போடுங்கள். போல்ட் துளைகளுக்குப் பழைய போல்ட்டையே மேலாக முடுக்கி விடலாம், பெரிய துளைக்குக் காதில் வைக்கும் நுரை அடைப்பான் அழகாக அடைத்துக்கொள்ளும்.

எந்தப் பெயின்ட்

சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் எஞ்சின் சூட்டில் மஞ்சளாகி உரியும். எஞ்சின் எனாமல் என்றே கிடைக்கிறது, பெரும்பாலானவை சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். பிளாக், சம்ப், வால்வு கவர் எல்லாம் வழக்கமான ஓட்டத்தில் 90 முதல் 130 டிகிரிக்குள் இருப்பவை, அதனால் இது தாராளம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும் தனி ஜாதி, பல நூறு டிகிரிக்குப் போகும், அதற்கு 600 டிகிரிக்கு மேல் தாங்கும் சிலிக்கோன் வகைப் பெயின்ட் வேண்டும். அது வெறும் உலோகத்தின் மேல்தான் பிடிக்கும், பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் சாதாரண பிரைமர் போட்டால் அந்தப் பிரைமர்தான் முதலில் கருகும்.

இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் துருவைத் தள்ளிப் போடும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உடனுக்குடன் உருவாகிக்கொண்டே இருக்கும், பெயின்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, துடைத்து, அன்றைக்கே எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர்) அடித்துவிட வேண்டும். பிரைமரும் பெயின்ட்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத தொல்லை குறையும்.

சரி, இப்போது கலர். பழைய கலரே வேண்டுமென்றால் பிராக்கெட் மறைத்திருந்த இடத்தில், தகட்டுப் பட்டைக்கு அடியில் பாருங்கள், வெயிலும் ஆயிலும் படாத அசல் நிறம் அங்கே இருக்கும். நிறுவனங்களும் அடிக்கடி மாற்றியிருக்கின்றன, அமெரிக்காவில் ஃபோர்டு 1966-இல்தான் தன் எஞ்சின்களை ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்தது, அதற்கு முன் எஞ்சினுக்கு எஞ்சின் வேறு நிறம். அசல் பற்றிக் கவலை இல்லை என்றால் வெளிர் சாம்பல் அடியுங்கள் என்பேன். கறுப்பு அழுக்கை மறைக்கும், சாம்பல் ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு அதுதான் வசதி.

அடிப்பது

அடிப்பதற்குச் சற்று முன் கடைசித் துடைப்பு. அசிட்டோனோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே இன்னொரு உலர்ந்த சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். வெள்ளைத் துணி எடுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், விரல் ரேகையில்கூட எண்ணெய் இருக்கிறது.

பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் எட்டும். டப்பாவை உள்ளே இருக்கும் குண்டு சத்தம் போட ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். குளிராக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைக் கொஞ்ச நேரம் வைக்கலாம், கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் வெடிக்கும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம். பட்டனைப் பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை ஒரே வேகத்தில் நகர்த்தி, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். பள்ளம், மூலை, அடிப்பக்கம் முதலில், பெரிய முகம் கடைசியில்.

முதல் கோட் பனித்தூவல் போலத்தான் இருக்க வேண்டும், அடியில் இருப்பது தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும். மறு கோட் அடிக்கும் நேரம் பற்றி டப்பாவில் ஒரு வரி இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஒரு நாளோ பல நாளோ கழித்துத்தான் அடிக்க வேண்டும் என்றிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அடிக்கோட் பாதி காய்ந்த நிலையில் மேல்கோட்டின் தின்னரை உறிஞ்சி உப்பிச் சுருங்கும், முதலிலிருந்து சுரண்ட வேண்டியதுதான்.

மழைக்காற்றில் அடித்தால் பெயின்ட் பால் நிறத்தில் மங்கும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, கையால் தடவினால் மணல் மணலாக இருக்கும். சின்ன வட்டமாகப் பெயின்ட் விலகி மீன்கண் மாதிரி குழி விழுந்தால் அடியில் எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. மேலே மேலே அடித்தால் மூடாது. நிறுத்துங்கள், முழுக்கக் காயவிட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி அடியுங்கள். வழிந்த சொட்டையும் ஈரத்தில் தொடாமல் காய்ந்த பிறகு 400 நம்பர் பேப்பரால் சமமாக்கலாம்.

கடைசிக் கோட் அடித்து அரைமணி நேரத்தில், பெயின்ட் முழுக்கக் கெட்டியாகும் முன், டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

காய்வதும் பூட்டுவதும்

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. எனாமல் உள்வரை இறுக ஒரு வாரம் ஆகும், ஆயிலையும் பெட்ரோலையும் தாங்கும் வலு அதற்குப் பிறகுதான் வரும். அவசரமென்றால் 90 டிகிரி அளவில் அவனில் ஒரு மணி நேரம் வைக்கலாம், ஆனால் சமைக்கும் அவனில் இதைச் செய்யவே கூடாது. எக்ஸாஸ்ட் பெயின்ட்டுக்குச் சூடு கட்டாயம், அது சூட்டில்தான் இறுகும். எஞ்சினில் மாட்டிப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாக என்று படிப்படியாக ஏற்றுங்கள். அப்போது புகையும் வாடையும் வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பூட்டும்போது புதுப் பேக்கிங், சுத்தமான மரை, கையேட்டில் சொன்ன டார்க், அதாவது போல்ட்டை முறுக்கும் விசையின் அளவு. வால்வு கவர் போல்ட்டுக்கு வேண்டிய இறுக்கம் மிகக் குறைவு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சாக்கெட்டின் வாயில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் புதுப் பெயின்ட்டில் கீறல் விழாது.

மீந்த மண்ணெண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். மூடிய டப்பாவில் சில நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அடியில் தங்கிய சேறு பழைய எஞ்சின் ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்துக்குப் போக வேண்டும், சாக்கடைக்கும் மண்ணுக்கும் இல்லை. எண்ணெயும் தின்னரும் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். டப்பாவில் கொஞ்சம் பெயின்ட் மீந்திருந்தால் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தி நாசிலைச் சுத்தம் செய்து வையுங்கள். பூட்டும்போது ஸ்பேனர் பட்டு எங்கேயாவது உரிந்திருந்தால், ஒரு மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, மெல்லிய பிரஷால் தொட்டு வைத்துவிடலாம்.